சாக்கடையும் தீட்டும்

ஒரு வாரப் பத்திரிகையின் தலையங்கத்துக்குச் சாக்கடையைத் தவிர வேறு விஷயம் அகப்படவில்லையா என்று சிலர் மூக்கைப் பிடித்துக்கொள்ளக் கூடும். அப்படி மூக்கைப் பிடித்துக்கொள்ளும் பழக்கத்தைப் பற்றித்தான் இவ்வாரம் எழுத உத்தேசித்திருக்கிறோம். ஏனெனில் நம் நாட்டில் ஒரு மனிதன் மேலானவனா, கீழானவனா என்று தீர்மானிப்பதற்குப் பரம்பரையாக வைத்திருக்கும் அளவுகோல்களில் முக்கியமானது, அவன் பிறர் மலத்தைத் தொடுகிறானா, இல்லையா என்பதேயாகும். மலம் எல்லோர் வயிற்றிலிருந்துந்தான் வருகிறது. சாஸ்திரம் படித்தவர் வயிற்றிலிருந்து வருவது சந்தனமாய் வருவதில்லை. அப்படியிருக்க, அதைப் போட்டவன் சுத்தமானவன், அதை எடுத்தவன் தீட்டுப்பட்டவன் என்றால், இதற்கு என்ன நியாயம் சொல்ல முடியும்? குப்பையைக் கொட்டினவன் யோக்கியன், கூட்டினவன் அயோக்கியன் என்பது போன்ற நியாயந்தான் இது. ஆனாலும் இந்த நியாயத்தின் மீதுதான் ஆயிரக்கணக்கான வருஷங்களாக நமது ஊரும் சேரியும் கட்டப்பட்டிருக்கின்றன.

இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கத்துத் தோழர்களுக்கு இந்தச் சங்கதியைப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. சென்னை நகரத்தின் ஒரு பெரும் பாகத்துக் கழிவு ஜலம் குழாய் வழியாகக் கொடுங்கையூருக்கு வருகிறது. வடபாதி நகரத்தின் குப்பையும் பல காலமாக அங்கேயே வந்து மலையாய்க் குவிந்திருக்கிறது. தெற்கே பெருங்குடிக்கும் இதே கதிதான் என்பதை மறைக்கவில்லை. ஆனால் வடக்கே இத்தோடு துறைமுகத்தின் தூசி, அனல் மின் நிலையத்தின் சாம்பல், மணலியின் புகை ஆகியவையும் சேர்ந்துகொண்டிருக்கின்றன. நகரம் தனக்கு வேண்டாததையெல்லாம் வடக்குத் திசையில் தள்ளிவிட்டு, பிறகு வடக்கே வசிப்பவர்களைப் பார்த்து "உங்கள் பக்கம் நாறுகிறதே" என்று கேட்கிறது. ஊருக்கு வெளியே சேரியை வைத்து, அங்கே ஊர்க்கழிவைக் கொட்டி, பின்பு சேரி அசுத்தமாயிருக்கிறது என்று விலகிப்போன அந்தப் பழைய புத்திக்கும் இதற்கும் வித்தியாசம் எங்கேயிருக்கிறது?

நிற்க, இந்தக் குழாய்களின் சரித்திரத்தைக் கொஞ்சம் பார்ப்போம். சென்னையில் பாதாளச் சாக்கடை வேலை 1890-ஐ ஒட்டி ஜார்ஜ் டவுனில் ஆரம்பமாயிற்று. பிறகு 1910-ஐ ஒட்டி நகரம் முழுவதற்கும் ஒரு பெரிய திட்டம் போட்டார்கள். அந்தத் திட்டம் 1961-ஆம் வருஷத்தில் நகரத்தில் 6 லட்சத்து 60 ஆயிரம் பேர் இருப்பார்கள் என்று மதிப்பிட்டு, அவர்களுக்குப் போதும்படி செய்யப்பட்டது. 1961-இல் ஜனக்கணக்கு எடுத்தபோது இருந்தவர்களோ 17 லட்சத்துக்கு மேல்! ஐம்பது வருஷத்துக்கு அப்பால் நினைத்துப் பார்த்தவர்களைக் குற்றம் சொல்ல நமக்கு மனமில்லை. அவர்கள் நினைத்தாவது பார்த்தார்கள். அவர்களுக்குப் பின் வந்தவர்கள், குழாய் தாங்காமல் தெருவில் பொங்கி வழிகிற வரையில் காத்திருந்தார்கள். 1978-இல்தான் குடிநீருக்கும் கழிவுநீருக்குமாகத் தனி வாரியம் ஒன்று ஏற்பட்டது. அதைத்தான் ஜனங்கள் மெட்ரோ வாட்டர் என்கிறார்கள். திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி ஆகிய ஊர்கள் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டன. வரி உடனே சேர்ந்துகொண்டது. பாதாளச் சாக்கடையோ தெருத்தெருவாக நொண்டி நொண்டித்தான் வந்தது.

இனி, கொடுங்கையூருக்கு வருகிற அந்த ஜலத்தை அங்கே என்ன செய்கிறார்கள் என்பதை நம் தோழர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். மந்திரத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசத் தெரிந்தவர்கள் நாட்டில் நிறைய இருக்கிறார்கள். தன் வீட்டுக் கக்கூசில் ஊற்றிய தண்ணீர் எங்கே போகிறது என்று சொல்லத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

சாக்கடை ஜலத்தில் ஆயிரம் பங்குக்கு ஏறக்குறைய 999 பங்கு வெறும் ஜலமேயாகும். மீதி ஒரு பங்குதான் அழுக்கு. அந்த ஒரு பங்கைப் பிரித்தெடுப்பதுதான் வேலையெல்லாம். முதலில் கம்பிச் சல்லடையில் துணி, பிளாஸ்டிக் முதலியவற்றைத் தடுத்துவிடுகிறார்கள். பிறகு ஒரு தொட்டியில் மணல் தங்குகிறது. அதன் பிறகு பெரிய வட்டத் தொட்டியில் ஜலத்தை மெதுவாக விட்டு நிறுத்தினால் கனமான கசடு அடியில் உட்காருகிறது. இது வரையில் நடப்பது, நம் வீட்டுப் பெண்கள் கலங்கல் தண்ணீரைக் குடத்தில் தெளிய வைப்பதைப் போன்ற காரியமே. ஆனால் தெளிந்து நிற்கும் ஜலத்திலும் கரைந்துபோன அழுக்கு இருக்கிறதே, அதை எப்படி எடுப்பது? எவ்வளவு நேரம் வைத்தாலும் அது அடியில் தங்காது.

அதை எடுப்பவை கிருமிகள். கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான கிருமிகளுக்கு அந்த அழுக்குத்தான் ஆகாரம். அவைகளுக்குக் காற்று மட்டும் போதுமானபடி கொடுத்தால், தின்று தின்று பெருகி, அழுக்கைத் தம் உடம்பாக மாற்றிக்கொண்டு, பஞ்சு போலத் திரண்டு அடியில் உட்கார்ந்துவிடுகின்றன. மேலே நிற்பது தெளிந்த ஜலம். இந்த வித்தையை 1914-இல் இங்கிலாந்தின் மாஞ்செஸ்டர் நகரத்தில் ஆர்டர்ன், லாக்கெட் என்ற இரண்டு ரசாயன நிபுணர்கள் வெளியிட்டார்கள். அவர்கள் செய்த புதுமை வேறொன்றுமில்லை. சாக்கடை ஜலத்தில் காற்றை ஊதிய பிறகு அடியில் தங்கிய சேற்றை, வேண்டாத பொருள் என்று கொட்டிவிடாமல், அடுத்த தொட்டி ஜலத்திலும் அதையே கலந்து பார்த்தார்கள். முதலில் வாரக்கணக்கில் நடந்த வேலை, திரும்பத் திரும்ப அந்தச் சேற்றைச் சேர்த்ததில் மணிக்கணக்கில் முடியலாயிற்று. சேற்றிலேதான் வேலைக்காரக் கிருமிகள் அத்தனையும் இருந்தன! அதைத் தொடுவது பாவம் என்று அவர்கள் ஸ்நானம் செய்யப் போயிருந்தால் இந்த வித்தை உலகத்துக்குக் கிடைத்திராது.

நம் நாட்டிலும் ஒன்றைச் சேர்த்தால் மற்றொன்று சுத்தமாகும் என்ற கொள்கை உண்டு. அதற்குப் பஞ்சகவ்யம் என்று பெயர். அதில் பசுவின் சாணமும் மூத்திரமும் உண்டு. அதை உட்கொண்டால் தோஷம் போகும் என்பார்கள். போயிற்றா என்று பார்க்க எந்தப் பரிசோதனையும் கிடையாது. கொடுங்கையூரிலோ தினந்தோறும் ஜலத்தை எடுத்துச் சோதித்துப் பார்க்கிறார்கள். அளவு மீறியிருந்தால் சுத்தமாகவில்லை என்று அர்த்தம். யார் தொட்டியில் காற்று விட்டார்கள், எந்த நட்சத்திரத்தில் விட்டார்கள் என்று சோதனைக் குழாய் கேட்பதில்லை.

கொடுங்கையூரில் தினம் 8 கோடி லிட்டர் சுத்தம் செய்யக்கூடிய நிலையங்கள் இரண்டும், 2006-இல் ஏற்பட்ட 11 கோடி லிட்டர் நிலையம் ஒன்றுமாக, மொத்தம் 27 கோடி லிட்டருக்கு ஏற்பாடு செய்யப்பட்டது. தேங்கிய சேற்றை மூடிய தொட்டியில் புளிக்க வைத்தால் எரிவாயு கிளம்புகிறது. அந்த வாயுவைக் கொண்டு மின்சாரம் உண்டாக்கி நிலையத்தின் பம்புகளையே ஓட்டலாம், ஓட்டியுமிருக்கிறார்கள். 1990-களின் தொடக்கத்திலேயே மணலியிலுள்ள எண்ணெய் ஆலையும் உர ஆலையும் இந்த நிலையத்து ஜலத்தை விலைக்கு வாங்கி, மேலும் சுத்தம் செய்து தங்கள் இயந்திரங்களுக்கு உபயோகிக்கத் தொடங்கின. கப்பல் கப்பலாய் எண்ணெய் காய்ச்சும் ஆலைக்கு இல்லாத தீட்டு, அக்கிரகாரத்துக்கு மாத்திரம் எங்கிருந்து வந்தது?

2019-ஆம் வருஷத்துக் கோடையைத் தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டு போயின. தெருவில் குடங்கள் வரிசை வரிசையாக நின்றன. அந்தச் சமயத்தில் இந்து அறநிலையத் துறையானது, கோயில்களில் மழைக்காக யாகமும் வருண ஜபமும் செய்யும்படி சுற்றறிக்கை விட்டது. ஜலம் நிரப்பிய அண்டாக்களில் குருக்கள்மார் கழுத்தளவு உட்கார்ந்து மந்திரம் சொன்ன படங்கள் பத்திரிகைகளில் வந்தன. குடிக்க ஜலமில்லாத ஊரில் அண்டாவுக்கு மட்டும் ஜலம் எங்கிருந்து வந்ததோ! ஜூலை மாதத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டு வந்தார்கள். ஒரு வண்டிக்கு 25 லட்சம் லிட்டர். அதே வருஷத்தில்தான், ஆரவாரம் அதிகமில்லாமல், கொடுங்கையூரில் வேறொரு நிலையம் திறக்கப்பட்டது. சுத்தம் செய்த சாக்கடை ஜலத்தை மறுபடியும் நுண்ணிய சவ்வுகளின் வழியாக அழுத்தி வடிகட்டி, தினம் 4 கோடி 50 லட்சம் லிட்டரை மணலி, எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் நிலையம் அது. கணக்குப் போட்டுப் பாருங்கள், இது தினம் 18 ரயில் வண்டித் தண்ணீருக்குச் சமம். தொழிற்சாலை இதைக் குடித்தால், அது குடித்துக்கொண்டிருந்த ஏரி ஜலம் ஜனங்களுக்கு மிச்சம். வருணன் கொடுத்தானா, சாக்கடை கொடுத்ததா என்று வாசகர்களே முடிவு செய்துகொள்ளலாம்.

இதைச் சொன்னால், "அதற்காகச் சாக்கடை ஜலத்தைக் குடிக்கச் சொல்லுகிறீரா?" என்று ஒரு கேள்வி வரும். ஆப்பிரிக்காவில் நமீபியா தேசத்துத் தலைநகரமான விண்ட்ஹோக்கில் 1968 முதல் சுத்தம் செய்த கழிவு ஜலத்தைக் குடிநீரோடு கலந்து குடித்து வருகிறார்கள். சிங்கப்பூரில் 2003 முதல் 'நியூவாட்டர்' என்ற பெயரில் பெருவாரியாகச் செய்கிறார்கள். அங்கே நம் தமிழர்களும் இருக்கிறார்கள், நலமாகவே இருக்கிறார்கள். நம் ஊரில் உடனே அப்படிச் செய்ய வேண்டும் என்று நாம் வற்புறுத்தவில்லை. ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். சுத்தம் செய்து சோதித்த ஜலத்தைக் கண்டு அருவருப்படையும் அதே பெரியவர், மேலே பல ஊர்ச் சாக்கடைகள் சுத்தம் செய்யப்படாமல் கலந்து வரும் நதியில் மூன்று முழுக்குப் போட்டு, ஒரு செம்பு மொண்டு, வாயில் விட்டுக்கொண்டு, மிச்சத்தை ஊருக்கும் கொண்டு வருகிறார். 2025 கும்பமேளாவின்போது பிரயாகையில் பல இடங்களில் மலக்கிருமியின் அளவு குளிப்பதற்குரிய அளவை மீறியிருந்தது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே பசுமைத் தீர்ப்பாயத்தில் அறிக்கை கொடுத்தது. உடனே மந்திரிகளுக்குக் கோபம் வந்துவிட்டது. அதே மாதக் கடைசியில், கணக்கை வேறு விதமாய்க் கூட்டிப் பார்த்து, குளிக்கத் தக்கதே என்று இன்னொரு அறிக்கையும் வந்து சேர்ந்தது! எந்த அறிக்கை வந்தாலும் முழுக்குப் போட்டவர் போட்டுக்கொண்டுதானிருந்தார். ஆகவே இவருக்கு வெறுப்பு சாக்கடையின் மேலல்ல, சாக்கடை என்ற பெயரின் மேல்தான். தீர்த்தம் என்று பெயர் வைத்துவிட்டால் குடித்துவிடுவார்.

மேல்நாட்டார் பிறவியிலேயே சுத்தக்காரர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. 1858-ஆம் வருஷத்துக் கோடையில் லண்டனில் தேம்ஸ் நதி நாறிய நாற்றத்தில் பார்லிமெண்டில் உட்கார முடியாமல் போன பிறகுதான் அங்கே பெரிய பாதாளச் சாக்கடை கட்டப் பணம் ஒதுக்கினார்கள். கனவான்களின் மூக்கில் ஏறுகிற வரையில் காலராவில் ஏழைகள் செத்தது போதவில்லை.

இன்னும் சமீபத்துக் கதை ஒன்று உண்டு. ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் மலையின் மேல், சுவிட்ஸர்லாந்தில், ஸெர்மாட் என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. பனிமலை பார்க்க வருகிற பணக்காரர்களை நம்பிப் பிழைக்கும் மலைக் கிராமம். சுற்றிலும் பனி, பளிங்கு போன்ற ஓடை, பார்த்தவர் கையெடுத்துக் கும்பிடும்படியான அழகு. அந்த ஊரில் 1963-இல் குடிநீரில் கழிவு கலந்து விஷக் காய்ச்சல் பரவியது. டைபாய்டு என்று நாம் சொல்வது அதைத்தான். நானூறு பேருக்கு மேல் படுத்தார்கள், மூவர் இறந்தார்கள். வருமானம் போய்விடுமே என்று ஊர் அதிகாரிகள் விஷயத்தை வெளியிடத் தாமதித்தார்கள் என்ற பழியும் எழுந்தது. அந்தக் காலத்தில் அந்தத் தேசம் முழுவதிலுமே, 1965-ஆம் வருஷத்துக் கணக்குப்படி, நூற்றுக்கு 14 பேர் வீட்டுக் கழிவு ஜலந்தான் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. மற்றதெல்லாம் அந்தப் பளிங்கு ஓடைகளிலும் ஏரிகளிலுமே கலந்தது. 1971-இல் கடுமையான சட்டம் செய்தார்கள், பணம் ஒதுக்கினார்கள், மலைக் கிராமங்களிலும் நிலையம் கட்டினார்கள். ஸெர்மாட்டில் தட்டையான நிலம் கிடைப்பது அரிது. ஆகவே மலைப்பாறையைக் குடைந்து உள்ளே நிலையத்தை வைத்தார்கள். இன்று அத்தேசத்தில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் நிலையத்தோடு இணைக்கப்பட்டிருக்கிறார்கள். பாறையைக் குடைந்து சாக்கடை நிலையம் வைக்க அவர்களால் முடிந்திருக்கும்போது, கடற்கரை மணலில் குழாய் பதிக்க நம்மால் ஏன் முடியவில்லை?

காலரா, விஷக் காய்ச்சல், சீதபேதி எல்லாம் மலத்திலிருந்து ஜலத்துக்கும், ஜலத்திலிருந்து வாய்க்கும் போகிற வியாதிகள். காலராக் கிருமியை ராபர்ட் கோச் என்ற ஜெர்மன் வைத்தியர் 1884-இல் நம் நாட்டிலே, கல்கத்தாவிலே, குளத்து ஜலத்திலேயே கண்டு காட்டினார். அதற்குப் பின்னும் வெகுகாலம் நாம் அதை ஆத்தாளின் கோபம் என்று சொல்லிக்கொண்டு, வேப்பிலை கட்டிக்கொண்டிருந்தோம். ஆடி மாதத்தில் கூழ் ஊற்றுவதை நாம் குற்றம் சொல்லவில்லை, பசித்தவர்கள் குடிக்கட்டும். ஆனால் கூழ் கரைக்கிற ஜலம் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் ஊற்றினால், ஆத்தாளின் பெயரால் காலராவையும் சேர்த்து ஊற்றினவர்களாவோம். இது பழங்கதை என்றும் நினைக்க வேண்டாம். 1992-இல் காலராக் கிருமியின் புது ரகமொன்று உலகத்திலேயே முதன்முதலாகத் தலைகாட்டிய இடங்களில் நமது சென்னையும் ஒன்று.

இனித்தான் நாம் முக்கியமாய்ச் சொல்ல வந்த விஷயம். இத்தனை கோடி ரூபாய்ச் சவ்வும் பம்பும் நிலையத்துக்குள்ளே இருக்கின்றன. நிலையத்துக்கு வந்து சேரும் குழாய் தெருவில் அடைத்துக்கொண்டால் என்ன நடக்கிறது? இரும்பு மூடியைத் திறந்து ஒரு மனிதனை உள்ளே இறக்குவதுதான் நடந்து வந்திருக்கிறது. அந்த மனிதன் யார் என்று கேட்க வேண்டியதில்லை. மத்திய சர்க்காரே 2024-இல் சாக்கடையிலும் கழிவுத் தொட்டியிலும் வேலை செய்யும் சுமார் 38,000 பேரைக் கணக்கெடுத்துப் பார்த்ததில், நூற்றுக்கு 90 பேருக்கு மேல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி, பிற்பட்ட வகுப்பினராயிருந்தார்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தாழ்த்தப்பட்டவர்கள் மட்டுமே. கோயில் கருவறைக்குள் போக ஒரு ஜாதிக்கு மாத்திரம் உரிமை என்றார்கள், சாக்கடைக் குழிக்குள் போகவும் சில ஜாதிகளுக்கு மாத்திரம் 'உரிமை' கொடுத்திருக்கிறார்கள். முதல் உரிமைக்காக நீதிமன்றம் வரையில் போய் வழக்காடுகிறவர்கள், இந்த இரண்டாவது உரிமையில் ஒரு பங்கு எங்களுக்கும் வேண்டும் என்று இது வரையில் எந்த நீதிமன்றத்திலும் மனுப் போட்டதாகத் தெரியவில்லை.

அந்தக் குழிக்குள் இருப்பது சாதாரண நாற்றமல்ல. மலம் காற்றில்லாமல் அழுகும்போது ஒரு வாயு உண்டாகிறது. கொஞ்சமாயிருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அதிகமாயிருந்தாலோ நாற்றமே தெரியாது, ஏனென்றால் மூக்கின் உணர்வையே அது கொன்றுவிடுகிறது. நாற்றம் போய்விட்டது என்று நினைத்து இறங்குகிறவன் நாலு மூச்சில் விழுந்துவிடுகிறான். அவனைத் தூக்கக் குனிந்து இறங்கிய கூட்டாளியும் அங்கேயே விழுகிறான். இரண்டு பேர், மூன்று பேர் என்று ஒரே குழியில் இறந்த செய்தி வருவதற்குக் காரணம் இதுதான். இதில் விதியுமில்லை, கிரகமுமில்லை. மூடியைத் திறந்து, காற்றுவிட்டு, கருவி வைத்து வாயுவை அளந்து பார்த்தால் தெரிந்துவிடும். அதைவிட நல்லது, இறங்காமலே இருப்பது.

சட்டம் இல்லாமலில்லை. 1993-இல் ஒரு சட்டம் வந்தது. அது போதவில்லையென்று 2013-இல் இன்னொரு சட்டம் வந்தது. பாதுகாப்பில்லாமல் ஓர் ஆளைச் சாக்கடைக்குள் இறக்கினால், இறக்கினவருக்கு முதல் தடவை 2 வருஷம் வரையில் சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரையில் அபராதம், அல்லது இரண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. மறுபடியும் செய்தால் 5 வருஷம், 5 லட்சம். 2014 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு, 1993 முதல் சாக்கடையில் இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிற்று. 2023 அக்டோபரில் அந்தத் தொகையை 30 லட்சமாக உயர்த்திற்று. இவ்வளவும் இருந்தும், 1993 முதல் இவ்விதம் இறந்தவர்கள் என்று பார்லிமெண்டில் சர்க்கார் வைத்த கணக்குகளில் எந்த மாகாணத்தின் பெயர் தலைமையில் நின்றது தெரியுமா? நமது தமிழ்நாடுதான். இங்கே ஒழுங்காய்க் கணக்கெடுத்தார்கள், மற்ற இடங்களில் மறைத்தார்கள் என்று சமாதானம் சொல்லுகிறவர்கள் உண்டு. அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கலாம். ஆனால் செத்தவர்கள் செத்தவர்களே! சுயமரியாதை பேசிப் பேசி ஆட்சிகள் ஏற்பட்ட நாட்டில் இந்தக் கணக்கைப் படிக்கும்போது நமக்கு வெட்கமாயிருக்க வேண்டாமா?

சில வருஷங்களுக்கு முன் டில்லி சர்க்கார் ஒரு சீர்திருத்தம் செய்தது. 'மேன்ஹோல்', அதாவது ஆளிறங்கும் குழி, என்ற பெயரை எடுத்துவிட்டு, இனி 'மெஷின் ஹோல்', அதாவது இயந்திரக் குழி, என்றுதான் சொல்ல வேண்டும் என்றார்கள். பேர் நல்ல பேர்தான். தீண்டப்படாதவருக்கு ஹரிஜன் என்று பேர் வைத்தது போன்ற நல்ல பேர். இயந்திரம் இல்லையா என்றால், தாராளமாய் இருக்கிறது. அழுத்த ஜலம் பீய்ச்சி அடைப்பை உடைக்கும் லாரி இருக்கிறது, சேற்றை உறிஞ்சும் லாரி இருக்கிறது, கேரளத்து வாலிபர்கள் செய்த இயந்திர மனிதன் 2018 முதல் குழிக்குள் கையை விட்டு அள்ளிக்கொண்டிருக்கிறது. குடிநீர் வாரியத்திடமும் லாரிகள் இருக்கின்றன. ஆனால் வாரியம் நேரே செய்யாமல் காண்ட்ராக்டரிடம் விடுகிறபோதும், தனியார் வீட்டுக் கழிவுத் தொட்டியை நிரப்பி வைத்துவிட்டு மலிவாய் ஆள் தேடுகிறபோதும், இயந்திரத்தின் வாடகையைவிட மனிதனின் உயிர் விலை குறைச்சலாகிவிடுகிறது. அந்த விலையைக் குறைத்து வைத்தது எது? ஒரு ஜாதியில் பிறந்தவன் இதைச் செய்துதானாக வேண்டும் என்று எல்லோர் மனதிலும் ஏறியிருக்கிற எண்ணமே. ஆகையால் இயந்திரம் வாங்கினால் மட்டும் போதும் என்று சொல்லுகிறவர்களை நாம் பூராவும் ஒப்புக்கொள்ள முடியாது. வாங்கி வைத்த இயந்திரம் ஷெட்டில் நிற்கும்போதே ஆள் குழிக்குள் இறங்குவதை நாடு பார்த்திருக்கிறது.

இதற்கு வேறெங்கும் சாட்சி தேட வேண்டியதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி ஆலைப் பக்கத்து எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாயில் இறங்கி, கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் பரவிற்று. கப்பலும் கிரேனும் ராட்சத இயந்திரங்களும் நிறைந்த அந்த வட்டாரத்தில் எண்ணெயை அள்ளியது யார்? மீன் பிடிக்கிறவர்களே படகில் போய், வாளியாலும் மக்காலும் கையாலும் அள்ளினார்கள். எண்ணெய் அள்ளுவதற்கென்று சாஸ்திரத்தில் ஜாதி குறிக்கப்படவில்லை. ஆனாலும் அழுக்கு என்று வந்தவுடன், யார் கைகள் அதில் இறங்க வேண்டும் என்பது யாரும் சொல்லாமலே முடிவாகிவிடுகிறது.

அந்தக் கால்வாய் எப்படிப்பட்ட கால்வாய்! 1806-இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் நடுவே தொடங்கி, பிற்பாடு வடக்கேயும் தெற்கேயும் நீட்டப்பட்டு, உப்பும் விறகும் படகில் வந்த கால்வாய். 1877, 1878 பஞ்சத்தில் கூலிக்கு வந்த பட்டினி ஜனங்கள் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்க வெட்டியதும் இதன் ஒரு பாகமே. இப்போது கொடுங்கையூரில் சுத்தம் செய்து மிஞ்சிய ஜலமும் இதில்தான் விழுகிறது, வழியில் இணைப்பில்லாத தெருக்களின் பச்சைச் சாக்கடையும் இதில்தான் விழுகிறது. பாடுபட்டுச் சுத்தம் செய்ததை மறுபடியும் அசுத்தத்தோடு கலக்கவிடுவது, குளித்துவிட்டுச் சேற்றில் உட்காருவது போன்றதுதான். அதன் கடைசியில் எண்ணூர் முகத்துவாரம். அங்கே இடுப்பளவு ஜலத்தில் நின்று, கையால் துழாவி இறால் பிடித்துப் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். நகரம் எதைக் கழித்துவிடுகிறதோ அது அவர்கள் கையில் போய் நிற்கிறது. அனல் மின் நிலையத்தின் சாம்பலும் சுடு ஜலமும் சேர்ந்து அந்த முகத்துவாரத்தை என்ன செய்தன என்பது தனித் தலையங்கத்துக்கு உரியது.

வார்டுகளில் ஏரியா சபைக் கூட்டம் என்று ஒன்று கூட்டுகிறார்கள். அதில் பெரும்பாலும் தெருவிளக்கைப் பற்றியும் கொசுவைப் பற்றியும் பேசிக் கலைந்துவிடுகிறார்கள். நம் தோழர்கள் அங்கே போய்ச் சில விஷயங்களை எழுத்து மூலமாகக் கேட்க வேண்டும். இந்த வார்டில் எத்தனை வீட்டுக் கழிவு இன்னும் மழைநீர்க் கால்வாயில் விழுகிறது, எந்தத் தேதிக்குள் குழாயில் சேரும் என்று கேளுங்கள். கொடுங்கையூரிலிருந்து வெளியே விடும் ஜலத்தின் சோதனைக் கணக்கை, ரேஷன் கடை வாசலில் விலைப் பலகை போடுகிற மாதிரி, மாதந்தோறும் தமிழில் எழுதித் தொங்கவிட முடியுமா என்று கேளுங்கள். அடைப்பு எடுக்கும் காண்ட்ராக்டரின் ஒப்பந்தத்தில் ஆளை இறக்கக்கூடாது என்ற நிபந்தனை இருக்கிறதா, இறக்கியதற்காக இது வரையில் யார் மீதாவது வழக்குப் போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள். சொந்த வீட்டில் கழிவுத் தொட்டி வைத்திருக்கும் தோழர்கள், மூடியை லாரிக் குழாய் நுழையும்படி வைத்திருக்கிறார்களா என்று முதலில் தங்கள் வீட்டையே பார்த்துக்கொள்ளட்டும். தெருவில் அடைப்பு எடுக்க வரும் லாரியில் ஆளும் கயிறும் சேர்ந்து வந்தால், அந்தக் கயிறு எதற்கு என்று கேட்க வேண்டும். லாரியின் நம்பரைக் குறித்துக்கொண்டு, வாரியத்துக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, இயந்திரம் வருகிற வரையில் அந்தக் குழியைச் சுற்றி நாலு பேர் நிற்க வேண்டும்.